முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியாதது ஏன்?

அன்புள்ள வாசகருக்கு,

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தையும், அதனுடன் இணைத்திருந்த ஸ்கேன் அறிக்கைகளின் நகல்களையும் படித்தேன். மற்ற வாசகர்களுக்காக உங்கள் கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ள உங்கள் தந்தைக்கு 64 வயது. இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர், காலை ஐந்தரை மணிக்கு பக்கவாதம் தாக்கி, வலது கையும் காலும் அசையாமல், பேச்சும் வராமல் கிடந்திருக்கிறார். 7 மணிக்கு அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றில் எடுத்த சி.டி. ஸ்கேனில், ரத்தக்கசிவு இல்லை, குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். பாதிப்பு எப்போது தொடங்கியது என்று தெரியாததால் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியைப் போட முடியாது என்று கூறி, ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒன்பதரை மணிக்கு அங்கே சேர்ந்ததும் ரத்தநாளங்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம், அதையடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்து, மூளையின் இடது பக்க நடுத்தமனியில் அடைப்பு இருப்பதைக் கண்டு, தொடை இடுக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த உறைவை வெளியே எடுத்திருக்கிறார்கள். மறுநாள் மீண்டும் ஒரு சி.டி. எடுக்கப்பட்டது. இப்போது மூன்று வாரங்களுக்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சில சொற்கள் வருகின்றன, சில வரவில்லை.

உங்கள் கேள்விகள் நேரடியானவை. முதல் ஸ்கேனைத் தவறாகப் படித்துவிட்டார்களா? தொடக்கத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுத்திருக்க வேண்டாமா? முதல் இடத்தில் நேரம் கடந்துவிட்டது என்றவர்கள் இருக்க, இரண்டாவது இடத்தில் மட்டும் எப்படிச் சிகிச்சை செய்தார்கள்? ஒன்றரை நாளில் நான்கு படங்கள் தேவைதானா, சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகப் பரிசோதனை முடிவு வருமுன்பே, ரத்தநாளங்களைப் படத்தில் துலங்கச் செய்யும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தியது சரியா? கடைசியாக, நீங்களும் உங்கள் தம்பியும் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமா? நான் பார்த்தது அறிக்கைகளை மட்டுமே, படங்களை அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கேள்விக்கான விடை சி.டி. கருவி எதைப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. அது எக்ஸ் கதிர்களைத் தலையைச் சுற்றிப் பல கோணங்களில் செலுத்தி, எந்தப் பகுதி கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று கணக்கிட்டுப் படமாக்குகிறது. 1971-ல் லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை இப்படிப் படமெடுத்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவுகோலில் தண்ணீரின் மதிப்பு 0. மூளைத் திசுவின் மதிப்பு ஏறத்தாழ 25 முதல் 40 வரை. புதிதாக உறைந்த ரத்தத்தின் மதிப்பு 60 முதல் 80 வரை. ஆகவே மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் அது தொடக்கத்திலேயே வெள்ளையாகத் துலங்கிவிடும். அதைத் தவறவிடுவது அரிது. அடைப்பினால் வரும் பக்கவாதம் அப்படியல்ல. ரத்தம் கிடைக்காத திசு மெல்ல மெல்ல நீர் கோத்துக்கொள்ளும்போதுதான் படத்தில் கறுக்கத் தொடங்கும். நீரின் அளவு ஒரு சதவீதம் கூடினால் அந்த மதிப்பு சுமார் இரண்டரை மட்டுமே குறையும். கண் அதைப் பிடிக்காது. முதல் சில மணி நேரத்தில் மூளையின் சாம்பல் நிறப் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையிலான எல்லை மங்குவது, அடைபட்ட தமனி மட்டும் ஒரு வெண்கோடாகத் தெரிவது போன்ற நுண்ணிய அறிகுறிகள் இருக்கக்கூடும். அவற்றை முறையாகத் தேடுவதற்கென்றே கனடாவின் கால்கரி நகர மருத்துவர்கள் 2000-ல் 'ஆஸ்பெக்ட்ஸ்' என்ற பத்து மதிப்பெண் முறையை வகுத்தார்கள். பயிற்சி உள்ளவர்களுக்கும் ஒருவருக்கொருவர் ஓரிரு மதிப்பெண் வேறுபடும்.

எனவே உங்கள் தந்தையின் முதல் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியதை மட்டும் வைத்து அதைப் படித்தவர் தவறினார் என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால், பக்கவாதத்துக்கு முதல் சி.டி. எடுப்பது நோயைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல. ஒரு பக்கம் விழுந்து பேச்சு நின்றுபோனதே நோயைச் சொல்லிவிட்டது. ரத்தம் கசிந்திருக்கிறதா, இல்லையா என்ற ஒரு கேள்விக்காகவே அந்தப் படம் எடுக்கப்படுகிறது. ஏனென்றால் நோயாளியைப் பரிசோதித்து மட்டும் இதைப் பிரித்தறிய எந்த மருத்துவராலும் உறுதியாக முடியாது. கசிவு என்றால் உறைவைக் கரைக்கும் மருந்து உயிரையே பறிக்கும். அடைப்பு என்றால் அதே மருந்துதான் மூளையைக் காப்பாற்றும். மூளையில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை என்பது, காப்பாற்றுவதற்கு இன்னும் திசு மீதம் இருக்கிறது என்பதற்கான நம்பிக்கையும் ஆகும். பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றன. 'ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம்' என்று நிம்மதியடைந்து நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் சென்று, கை காலில் புறா ரத்தம் தேய்த்து, இரண்டு நாள் கழித்து வருகிறவர்களை இன்றும் நாங்கள் பார்க்கிறோம். அறிகுறி இருக்கும்போது ஸ்கேன் சரியாக இருக்கிறது என்றால், அது அவசரத்தைக் கூட்ட வேண்டிய செய்தி. குறைக்க வேண்டியது அல்ல.

அடுத்து, நேரம். ஆல்டிபிளேஸ் என்ற கரைப்பு மருந்தை 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மூன்று மாதம் கழித்து ஊனமின்றியோ மிகச் சிறிய ஊனத்துடனோ இருப்பவர்கள் கூடுகிறார்கள் என்று 1995-ல் அமெரிக்காவின் தேசிய நரம்பியல் கழகம் நடத்திய ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் தீவிரமான ரத்தக்கசிவு ஏற்பட்டது, பெறாதவர்களில் 0.6 சதவீதம் பேருக்குத்தான். 2008-ல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. இப்போது ஒரே ஊசியாகப் போட்டுவிடக்கூடிய டெனெக்டிபிளேஸும் நம் நாட்டில் பயன்படுகிறது. எந்த மருந்தானாலும் கடிகாரம் ஓடத் தொடங்குவது நோயாளியைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து அல்ல; அவர் கடைசியாக நன்றாக இருந்ததை ஒருவர் பார்த்த நேரத்திலிருந்து. உங்கள் தந்தைக்கு அது இரவு 10 மணி என்று முதல் மருத்துவமனையில் சொல்லப்பட்டது. காலை 7 மணிக்கு ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. கையில் வெறும் சி.டி. படம் மட்டுமே. அந்த நிலையில் ஊசி போட மறுத்தது சரியான முடிவு.

இந்த இடத்தில் உங்கள் கடிதத்தின் ஒரு வரி என் மனத்தை விட்டு அகலவில்லை. விடியற்காலை 3 மணிக்கு அவர் எழுந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், பேச்சு தெளிவாக இருந்தது என்று உங்கள் தாயார் இப்போதுதான் நினைவுகூர்ந்து சொல்வதாகவும், அதைச் சொல்லாமல் விட்டோமே என்று அழுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவக் கணக்கின்படி அது முக்கியமான தகவல்தான். 3 மணியிலிருந்து நாலரை மணி நேரம் என்றால் ஏழரை வரை அவகாசம் இருந்திருக்கும். ஆனால் 7 மணிக்கு வாசலில் இறங்கியவருக்கு ரத்த அழுத்தத்தை 185-க்கு 110 என்ற அளவுக்குக் கீழே கொண்டுவந்து, சர்க்கரை அளவைப் பார்த்து, படமெடுத்து, மருந்தைக் கலந்து ஏற்றுவதற்கு அந்த அரை மணி நேரம் போதியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தவிர, தண்ணீர் குடித்தாரா, கழிப்பறைக்குப் போனாரா, யாரிடமாவது பேசினாரா என்று துருவித் துருவிக் கேட்க வேண்டிய பொறுப்பு மருத்துவமனைக்கு உரியது. அதிர்ச்சியில் நிற்கும் மனைவிக்கு அது தானாக நினைவுக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதை உங்கள் தாயாருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அப்படியானால் ஒன்பதரை மணிக்கு மட்டும் எப்படிச் சிகிச்சை சாத்தியமாயிற்று? படமெடுக்கும் முறைகள் பக்கவாத மருத்துவத்தை அடியோடு மாற்றியிருப்பது இங்கேதான். பெரிய தமனி அடைபட்டால் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்கிட்டார். ஆனால் அது சராசரி. காவிரிப் பாசனத்தை அறிந்த உங்களுக்கு இது எளிதில் விளங்கும்: மதகு அடைபட்டால் வயல் முழுவதும் ஒரே நேரத்தில் காய்ந்துவிடுவதில்லை, நடுப்பகுதி முதலில் வெடிக்கும், பக்கத்து வாய்க்காலின் கசிவு எட்டும் ஓரங்கள் வாடினாலும் சில காலம் உயிரோடு இருக்கும். மூளையிலும் அண்டைத் தமனிகளின் கிளைகள் வழியாக வரும் ரத்தம் சிலருக்கு வளமாக உண்டு, சிலருக்கு இல்லை. ஒருவருக்கு இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இன்னொருவருக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் பெரும்பகுதி பிழைத்திருக்கும். இதைக் கடிகாரம் சொல்லாது, படம் சொல்லும்.

எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்ற வகைப் படம் தண்ணீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கிறது. ரத்தம் கிடைக்காத உயிரணு தன் உப்புச் சமநிலையை இழந்ததும் நீர் உள்ளே புகுந்து சிறைப்படுகிறது. அதன் அசைவு குறைந்து, அந்தப் பகுதி படத்தில் பளிச்சென்று வெளுக்கிறது. பாதிப்பு தொடங்கிச் சில நிமிடங்களிலேயே இது தெரியத் தொடங்கும். உங்கள் தந்தையின் அறிக்கையில் இந்த வெண்பகுதி 22 மில்லி லிட்டர் என்று அளந்திருக்கிறார்கள். கையும் காலும் முற்றிலும் விழுந்து பேச்சும் போன ஒருவருக்கு, நடுத்தமனியே அடைபட்டிருக்கும் நிலையில், இது மிகச் சிறிய அளவு. செயலிழந்திருந்த பரப்பு பெரிது, மடிந்திருந்த பரப்பு சிறிது. இடைப்பட்டதெல்லாம் மீட்கக்கூடியதாக இருந்தது. இத்தகையவர்களைத் தேர்ந்தெடுத்து உறைவை அகற்றினால் பலன் உண்டா என்பதை ஆராய்ந்த இரண்டு ஆய்வுகள் 2018-ல் அடுத்தடுத்து அச்சாயின. 'டான்' ஆய்வில் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தவர்களில், உறைவை அகற்றிய பிரிவில் 49 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையை அடைந்தார்கள். மருந்துகள் மட்டும் பெற்ற பிரிவில் அது 13 சதவீதம்தான். 6 முதல் 16 மணி நேரம் வரை ஆராய்ந்த 'டிஃப்யூஸ் 3' ஆய்வில் இது 45-க்கு 17. மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காண்பது அபூர்வம். உங்கள் தந்தை இரவு 10 மணியிலிருந்து பதினொன்றரை மணி நேரம் கழித்து வந்தும் சிகிச்சைக்கு உரியவரானது இதனால்தான். இரண்டு மருத்துவமனைகளும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசவில்லை. முதலில் மறுக்கப்பட்டது ஊசி, பிறகு செய்யப்பட்டது வேறொரு சிகிச்சை.

தூக்கத்திலிருந்து எழும்போதே பாதிப்புடன் எழுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது என்பதை மற்ற வாசகர்களுக்காகச் சேர்க்கிறேன். டிஃப்யூஷன் படத்தில் பாதிப்பு தெரிந்து, ஃப்ளேர் என்ற இன்னொரு வகைப் படத்தில் அது இன்னும் தெரியவில்லையென்றால், தொடங்கிப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள்தான் இருக்கும் என்று ஊகிக்கலாம். இந்த முறையில் தேர்ந்தெடுத்துக் கரைப்பு மருந்து கொடுப்பது பலன் தருகிறது என்று 2018-ல் ஐரோப்பாவின் 'வேக்-அப்' ஆய்வு நிறுவியது. எனவே, தூங்கி எழுந்தபோது இப்படி இருந்தார், நேரம் தெரியவில்லை என்பது இன்று சிகிச்சைக்குக் கதவை மூடும் காரணம் அல்ல.

இவ்வளவு காட்டும் எம்.ஆர்.ஐ.யை முதலிலேயே எடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்பது இயல்பு. உடனே எடுக்க முடிகிற இடங்களில் அதையே முதலில் எடுக்கும் மருத்துவமனைகளும் உலகில் உண்டு; அது தவறல்ல. ஆனால் சி.டி. சில நொடிகளில் முடியும். எம்.ஆர்.ஐ.க்கு நோயாளி பல நிமிடங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நினைவு மங்கி வாந்தி எடுப்பவரை அந்தக் குழாய்க்குள் கண்காணிப்பது கடினம். இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, உடலில் பழைய உலோகக் கிளிப் இருக்கிறதா என்று விசாரிக்காமல் உள்ளே அனுப்பவே கூடாது. நள்ளிரவில் எம்.ஆர்.ஐ. இயக்க ஆள் இல்லாத ஊர்களே நம்மிடம் அதிகம். காத்திருந்து எடுக்கும் சிறந்த படத்தைவிட உடனே கிடைக்கும் போதுமான படம் மேல் என்பது என் உறுதியான கருத்து.

முதல் மருத்துவமனையைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. அது நீங்கள் நினைத்தது அல்ல. வெறும் சி.டி. முடிந்ததும் அதே மேசையில், நோயாளியை இறக்காமலேயே, கையின் ரத்தநாளத்தில் கான்ட்ராஸ்ட் செலுத்திக் கழுத்திலிருந்து உச்சந்தலை வரை ஆஞ்சியோகிராம் எடுத்திருந்தால், பெரிய தமனி அடைபட்டிருப்பது ஏழேகால் மணிக்கே தெரிந்திருக்கும். அந்தப் படங்களைக் கைபேசியிலேயே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தால், ஆம்புலன்ஸ் வந்து சேரும்போது, குழாய் செலுத்தி உறைவை எடுக்கும் கேத் லேப் அறை தயாராக இருந்திருக்கும். ஒரு பக்கம் முழுதாக விழுந்து, பேச்சும் போய், கண்கள் ஒரு பக்கமாகத் திரும்பிநிற்கிற நோயாளிக்குப் பெரிய தமனி அடைப்பு இருக்கலாம் என்று சந்தேகிப்பதற்கு நரம்பியல் நிபுணர் தேவையில்லை. பெரிய தமனி அடைப்புக்கு உறைவை அகற்றுவதே உரிய சிகிச்சை என்று 2015-ல் ஐந்து ஆய்வுகள் ஒருமித்து நிலைநாட்டிய பிறகும், பல ஊர்களில் அவசர சி.டி. என்றால் இன்னும் வெறும் சி.டி.யோடு நின்றுவிடுகிறது. சி.டி. கருவி இருக்கிற ஒவ்வொரு மாவட்ட, வட்ட மருத்துவமனையிலும் இந்த ஒரு வழக்கம் மாற வேண்டும். இதற்குப் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை.

கான்ட்ராஸ்ட் மருந்தைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். அதில் உள்ள அயோடின் சேர்மம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் வாய்ப்பு முன்பு அஞ்சிய அளவுக்கு இல்லை என்பதே இன்றைய புரிதல். ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பதாகத் தெரியாதவர்களுக்குக் சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் ஆஞ்சியோகிராமை எடுத்துவிடலாம் என்றே அமெரிக்கப் பக்கவாதச் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. சர்க்கரை நோய் இருப்பதாலேயே இது மாறிவிடாது. உங்கள் தந்தையின் பிந்தைய கிரியாட்டினின் அளவுகள் கூடவில்லை என்பதையும் அறிக்கையில் கவனித்தேன். கதிர்வீச்சைப் பொறுத்தவரை, தலைக்கான ஒரு வெறும் சி.டி.யில் கிடைப்பது நாம் ஏறக்குறைய ஓராண்டில் இயற்கையாகவே பெறும் அளவு. ஆஞ்சியோகிராமில் அதைவிடக் கூடுதல். எம்.ஆர்.ஐ.யில் அறவே இல்லை. 64 வயதில் மூளையைக் காப்பதற்கு எதிராக வைத்துப் பார்க்கும்போது இது பொருட்படுத்தத் தக்கதல்ல.

மறுநாள் எடுத்த நான்காவது படமும் வீண் அல்ல. அடைப்பு திறந்து ரத்தம் மீண்டும் பாயும்போது, நலிந்துபோன ரத்தக்குழாய்களிலிருந்து கசிவு ஏற்படலாம். சில சமயம் நோயாளியிடம் எந்த மாற்றமும் தெரியாமலேயே ஏற்படும். ஆஸ்பிரின் போன்ற மருந்துகளைத் தொடங்குவதற்கு முன் கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளாவிட்டால், கசிந்துகொண்டிருக்கும் இடத்தில் மேலும் கசிய வைத்துவிடுவோம். பாதிப்பு பெரியதாக இருப்பவர்களுக்கு மூளை வீங்குவதைக் கண்காணிக்கவும் இந்தப் படம் உதவுகிறது. வீக்கம் மிகுந்தால் மண்டையோட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக அகற்றி உயிரைக் காக்கும் அறுவையை, குறிப்பாக 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, இரண்டு நாளுக்குள் செய்ய வேண்டும். உங்கள் தந்தைக்கு அந்த நிலை வரவில்லை.

நீங்களும் உங்கள் தம்பியும் எந்த அறிகுறியும் இல்லாமல் மூளை ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டாம். விளம்பரங்களில் வரும் முழு உடல் பரிசோதனைத் திட்டங்கள் என்ன சொன்னாலும், அப்படி எடுக்கும் படத்தில் தென்படும் சிறு வெண்புள்ளி ஒன்று உங்களைப் பல மாதம் தூங்கவிடாமல் செய்யுமே தவிர, பக்கவாதத்தைத் தடுக்காது. அந்தப் பணத்தில் ஒரு ரத்த அழுத்தமானி வாங்கி வீட்டில் வையுங்கள். இருவரும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் முகம் கோணுவதோ, ஒரு கை துவள்வதோ, பேச்சு குழறுவதோ பத்து நிமிடம் வந்து தானாகச் சரியாகிவிட்டால்கூட, அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று ஸ்கேனும் கழுத்துத் தமனிகளின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் தந்தைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டிய அவசியம் இப்போது குறைவு. அந்த உறைவு எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம்தான் மீதம் இருக்கிறது. ஆஞ்சியோகிராம் அறிக்கை கழுத்துத் தமனிகளில் குறிப்பிடத்தக்க சுருக்கம் இல்லை என்கிறது. இதயத்தை ஒலி அலைகளால் பார்க்கும் எக்கோ எடுத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய தாள்களில் நீண்ட நேர இதயத்துடிப்புப் பதிவு எதையும் நான் காணவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு முறை எடுக்கும் ஈ.சி.ஜி.யில் அது அகப்படாமல் போகலாம். அது இருந்தால் ஆஸ்பிரின் போதாது, உறைவைத் தடுக்கும் வேறு மாத்திரையைத் தொடங்க வேண்டும். அடுத்த முறை செல்லும்போது இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் பரிசோதனை குறைந்தது 24 மணி நேரம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். செய்யப்படவில்லை என்றால் செய்யச் சொல்லுங்கள். நான்கு ஸ்கேன்களும் பதிந்த குறுந்தகடுகளைக் கேட்டு வாங்கி, ஒரே உறையில் போட்டு, எந்த மருத்துவரிடம் சென்றாலும் எடுத்துச் செல்லுங்கள். பேச்சுப் பயிற்சியை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.